பிரசவத்துக்குப் பின் மனம் சோர்ந்தால்: நோட்டுப் புத்தகமும் ஓ.பி. சீட்டும்

பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்து கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். தமிழகத்தில் பிரசவம், கேரளத்தில் குடித்தனம், ஆதாரில் பிறந்த வீட்டு முகவரி, புகுந்த வீட்டு ரேஷன் அட்டையில் இன்னும் ஏறாத பெயர் என்று எல்லையோரப் பெண்கள் பலருக்கும் பழகிப்போன குழப்பத்துக்கு நடுவில், குழந்தைக்கு நான்காம் மாதம் நடந்தபோது எனக்கு மனச்சோர்வு வந்தது. அது சிகிச்சை தேவைப்படும் ஒரு நோய் என்று புரிந்துகொள்ளவே ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான்: வீடு உறங்கிய பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன்.

எழுத்து எனக்கு உதவியது. சில நாட்களில் கெடுதலும் செய்தது. எதை எப்போது எழுதினால் மனம் இளகுகிறது, எப்போது நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும், போகும்போது என்னென்ன தாள்களைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். ஆகவே என் நிலையில் இருக்கும் உங்களுக்காக இதை வரிசைப்படுத்தித் தருகிறேன். நான் மருத்துவர் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. நோட்டைத் திறக்கும் முன்

பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவதும், எரிச்சல் வருவதும் மிகப் பலருக்கு நேர்வதுதான். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், அல்லது அடங்கிய பிறகு மீண்டும் வந்து தங்கிவிட்டால், எழுதுவதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. கடந்த ஏழு நாட்களில் உங்கள் மனம் எப்படி இருந்தது என்று கேட்கும். சுகாதார நிலையத்தில் அதைக் கொடுத்தால் வெட்கப்படாமல் உண்மையான விடையைக் குறியுங்கள். நான் நல்ல பிள்ளையாக எல்லாம் சரியாகவே இருப்பதாகக் குறித்துவிட்டு வந்தவள். அதன் விலை ஒரு மாதத் தாமதம்.

சாக வேண்டும் என்ற எண்ணமோ, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணமோ வந்தால் அதை எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். குழந்தையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். நாள் முழுவதும் இயங்கும் இலவச எண் அது. மொழியைத் தேர்வு செய்யச் சொல்லும்போது தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். கேரளத்தில் இருந்துகொண்டு மலையாளத்தில் திணற வேண்டியதில்லை. யாருமில்லாத குரல் காதில் கேட்பது, இல்லாததை உறுதியாக நம்புவது ஆகியவை பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரங்களில் தோன்றினால் அது அவசர நிலை. தொலைபேசியில் நேரம் கடத்தாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது, அதை யாரும் பொறி என்று நினைப்பதில்லை. இரண்டு மூன்று இரவுகள் தூங்காமலே களைப்பில்லாமல், பக்கம் பக்கமாக எழுத்து பெருக்கெடுத்து, மனம் பறப்பதுபோல் இருந்தால் அதைக் கலைமகள் கடாட்சம் என்று கொண்டாடிவிடாதீர்கள். மனம் எதிர்த் திசையில் எல்லை மீறுவதற்கும் அதுவே அறிகுறி. அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

2. எழுதியதை வைக்க ஓர் இடம்

எழுதுவதற்கு முன்பே இதைத் தீர்மானித்துவிடுங்கள், ஏனென்றால் எழுதிய பிறகு ஒளிக்க இடம் தேடுகிறவளின் முகமே காட்டிக்கொடுத்துவிடும். நான் முதலில் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். மூன்றாம் நாள் அது மாமியார் கையில் இருந்தது. அவர் தமிழ் மட்டும் படிப்பவர். அதன் பிறகு, பேருந்துப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட மலையாள எழுத்தில் என் தமிழை எழுதத் தொடங்கினேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்தில் மலையாள மீடியத்தில் படித்துவிட்டு வீட்டில் தமிழ் பேசும் பெண்கள் ஏராளம். உங்களுக்கு எந்த எழுத்து கைவருகிறதோ அதிலேயே எழுதலாம், பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அலைபேசியில் எழுதுவதானால் பூட்டு போடுவது மட்டும் போதாது. உங்கள் வாட்ஸ்அப் வேறு கணினியில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும் குறிப்புகளும் அங்கே தெரியும்.

வீட்டில் பிணக்கு முற்றியிருந்தால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்: குடும்ப நீதிமன்றச் சட்டம், 1984இன் 14ஆம் பிரிவு, வழக்கைத் தீர்க்க உதவும் என்று நீதிமன்றம் கருதும் எந்த ஆவணத்தையும் சாட்சியமாக ஏற்க இடம் தருகிறது. கோபத்தில் எழுதிய ஒரு பக்கம் நாளைக்கு எதிர்த் தரப்பின் கையில் இருக்கலாம். ஆகவே எழுதித் தீர்ப்பதற்கான தாள் வேறு, பாதுகாக்க வேண்டிய நோட்டு வேறு என்று பிரித்துவிடுங்கள். தீர்ப்பதற்கான தாளை எழுதி முடித்ததும் கிழித்து அடுப்பில் போடலாம். எழுதும்போது கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது, அந்தத் தாளால் இனி ஆவது ஒன்றுமில்லை.

3. வாங்க வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு பந்துமுனைப் பேனா. எனக்கு இரண்டும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது. தோல் அட்டை போட்ட டைரி வாங்காதீர்கள். அழகான தாளில் அழகாகத்தான் எழுத வேண்டும் என்று கை தயங்கும்.

4. முதல் நான்கு நாட்கள்

இதற்கென்று சோதித்துப் பார்த்த ஒரு முறை இருக்கிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை அடுத்தடுத்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனத்தை வருத்திய ஒரு நிகழ்வைப் பற்றி எழுதச் சொன்னார். அதன் பிறகு பலரும் பலவகையில் சோதித்திருக்கிறார்கள்; பலன் உண்டு, ஆனால் சிறியது என்பதுதான் அவற்றைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வது. சிறியது என்று நேர்மையாகச் சொல்வதால்தான் எனக்கு அதில் நம்பிக்கை வந்தது.

செய்முறை எளிது. பதினைந்து நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். நடந்ததையும், நடந்தபோது உள்ளே என்ன தோன்றியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நிகழ்வை மட்டும் எழுதினால் காவல் நிலையப் புகார்போல் ஆகிவிடும், உணர்வை மட்டும் எழுதினால் புலம்பலாகிவிடும். அலாரம் அடித்ததும் வரி பாதியில் நின்றாலும் நிறுத்துங்கள். எழுதி முடித்த அன்று மனம் கூடுதலாகக் கனக்கும். அது எதிர்பார்க்க வேண்டியதுதான், சில மணி நேரத்திலோ மறுநாளோ இறங்கும். இறங்காமல் நாளுக்கு நாள் ஏறினால் நான்காம் நாள்வரை காத்திருக்காமல் விட்டுவிடுங்கள். சாவோ விபத்தோ வன்முறையோ நடந்து சில நாட்களே ஆகியிருந்தால் அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம்.

நேரம் பகலாக இருக்கட்டும். வீடு உறங்கிய பிறகு விடியும்வரை சமையலறை மேசையில் எழுதியதாக மலையாள எழுத்தாளர் மாதவிக்குட்டி சொன்னதை எல்லாரும் வியப்போடு எடுத்துச் சொல்வார்கள். நானும் அதைக் கேட்டுத்தான் இரவைத் தேர்ந்தெடுத்தேன். பால் கொடுக்கும் பெண்ணுக்குக் கிடைக்கும் இரண்டு மணி நேரத் தூக்கமே பாதி மருந்து. அதை எழுத்துக்குக் கொடுத்தால் மறுநாள் நோய் வட்டியோடு வாங்கிக்கொள்ளும். குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்ட பிறகு அது உறங்கும் முற்பகல் நேரத்தில், நீங்களும் அரை மணி படுத்து எழுந்த பின், பதினைந்து நிமிடம் எழுதுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

5. ஐந்தாம் நாளிலிருந்து 'நான்' வேண்டாம்

என் பெரிய தவறு இங்கேதான். நான்கு நாளில் நிறுத்த வேண்டியதை நாற்பது நாள் எழுதினேன். பிறகு புரட்டிப் பார்த்தபோது, ஒரே குறையை, ஏறக்குறைய ஒரே சொற்களில், பதினெட்டு இடங்களில் எழுதியிருந்தேன். செக்கு மாடு நடப்பதுபோல் ஒரே வட்டத்தில் மனம் சுற்றும்போது எழுத்து அந்தத் தடத்தை ஆழமாக்கத்தான் செய்கிறது.

ஆகவே ஐந்தாம் நாளிலிருந்து புனைவுக்கு மாறுங்கள். 'நான்' என்பதை 'அவள்' என்று மாற்றுங்கள். அவளுக்கு வேறு பெயர், வேறு ஊர் கொடுங்கள். கருத்துச் சொல்லாமல் ஒரு பொருளையோ ஒரு செயலையோ மட்டும் காட்டுங்கள். என் நோட்டில் பதினெட்டு முறை இருந்த வரி இது: 'இந்த வீட்டில் என்னை யாரும் ஒரு மனுஷியாக மதிப்பதில்லை.' அதையே கதையாக எழுதியபோது இப்படி வந்தது: 'அவள் மூன்றாவது விசிலுக்காகக் காத்திருந்தாள். குக்கர் இரண்டோடு நின்றுவிட்டது. அடுப்பை அணைப்பதா வேண்டாமா என்று கேட்க அவளுக்கு ஆளில்லை. வீட்டில் இருந்த ஐந்து பேரும் அவளிடம்தான் கேட்பார்கள்.' இரண்டாவதை எழுதிய அன்றைக்கு நான் அழவில்லை. ஐந்து பேரும் என்னை மதிக்காதவர்கள் இல்லை, என்னிடம் கேட்டே பழகியவர்கள் என்பது எழுதும்போதுதான் தெரிந்தது. மறுநாள் கணவரிடம், "சாயங்காலம் ஏழு மணிக்கு மேல சமையல்கட்டு உங்க பொறுப்புங்க" என்று மட்டும் சொன்னேன். முறைத்தார், செய்தார்.

வீட்டுப் பெரியவர்கள் யாராவது "எழுதறவளுக்குக் கிறுக்குப் புடிக்கும்" என்று சொல்லக்கூடும். எழுதும் பெண்களிடம் மனநோய் கூடுதலாகக் காணப்படுவதாகச் சொன்ன ஆய்வுகள் இருப்பது உண்மைதான்: ஆர்னால்ட் லுட்விக் 1994இல் 59 பெண் எழுத்தாளர்களை எழுதாத 59 பெண்களோடு ஒப்பிட்டு அப்படித்தான் கண்டார்; ஜேம்ஸ் காஃப்மன் 2001இல் பெண் கவிஞர்களைப் பற்றியும் அதையே சொன்னார். ஆனால் இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று ஆகாது. தலைவலித் தைலம் வைத்திருக்கும் வீட்டில் தலைவலி அதிகம் என்பதற்காகத் தைலத்தைக் குற்றம் சொல்வதில்லை.

6. மருத்துவரைப் பார்க்கும் நாள்

எழுத்தால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது, அது கதையும் இல்லை, கவிதையும் இல்லை. அதைச் சொல்வதற்கு முன், அது கையில் இல்லாமல் மருத்துவரிடம் நான் போன முதல் நாளைச் சொல்ல வேண்டும்.

வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று உள்ளே போனேன். மருத்துவர் கனிவாகத்தான் "விஷமம் உண்டோ?" என்று கேட்டார். மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம். எனக்குத் தெரிந்த விஷமம் கொழிஞ்சிப் பழத்தைத் திருடித் தின்னும் பையன் செய்வது. "இல்லைங்க டாக்டர், நான் யாருக்கும் விஷமம் பண்றதில்லைங்க" என்றேன். அடுத்து "பேடி உண்டோ?" என்றார், அது பயம் இருக்கிறதா என்ற கேள்வி. யாரையோ வைகிறார் என்று நினைத்து அதற்கும் இல்லை என்றேன். வருத்தமும் இல்லை, பயமும் இல்லை என்று குறித்துக்கொண்டு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தவறு அவருடையது அன்று.

இரண்டு மொழியிலும் ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ள சொற்கள் மனத்தைப் பற்றிப் பேசும்போதுதான் அதிகம் இடறுகின்றன. சங்கடம் என்றால் அங்கே துக்கம். க்ஷீணம் என்றால் களைப்பு. தேஷ்யம் என்றால் கோபம். மடி என்றால் சோம்பல். இவற்றைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இரண்டாம் முறை, நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே பக்கத்துக்கு இதை எழுதிக் கொண்டுபோனேன்:

'தூக்கம்: குழந்தை உறங்கினாலும் எனக்கு வருவதில்லை, மூன்று வாரமாக. சாப்பாடு: ஒரு வேளை. அழுகை: காலையில் கூடுதல். பயம்: குழந்தையோடு கிணற்றடிக்குப் போகப் பயம். தாய்ப்பால் கொடுக்கிறேன். தைராய்டு, ரத்தச் சோகை சோதிக்கவில்லை. குடும்பத்தில் சின்னம்மாவுக்கு இதுபோல் இருந்தது.'

செவிலியர் ஒருவர் அதை மலையாளத்தில் வாசித்துச் சொன்னார். கிணற்றடி என்ற சொல்லில் மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். அதன் பிறகு இருபது நிமிடம் பேசினோம். இருநூறு பக்கம் எழுதிய கை, அந்த ஏழு வரியைச் சுருக்கமாக எழுதப் பழகியிருந்தது.

கொண்டுபோக வேண்டியவை: பிரசவ மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாள், தாய்–சேய் அட்டை, முன்பு சாப்பிட்ட மருந்துகளின் சீட்டு, ஆதார் நகல், இந்த ஒரு பக்கக் குறிப்பு. முழு நோட்டைக் கொடுக்காதீர்கள். படிக்க அவருக்கு நேரமிருக்காது, திரும்ப வாங்க உங்களுக்கு மறந்துபோகும். தமிழக அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு இலவசம், கேரளத்தில் சில இடங்களில் சிறு கட்டணம் உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மனநல மருத்துவர் எல்லா நாளும் இருக்க மாட்டார். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு குறிப்பிட்ட நாட்களில்தான் வட்டார மருத்துவமனைகளுக்கு வரும், எனவே ஊர்ச் சுகாதார ஊழியரான ஆஷா பணியாளரிடம் நாளைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கேரளத்துக் குடும்ப ஆரோக்கிய மையங்களில் மனச்சோர்வுக்கென 'ஆஸ்வாசம்' என்ற பெயரில் சேவை நடக்கிறது. முதல் படியாக அங்கே போகலாம். தைராய்டுச் சோதனையை நான் வெளியில் செய்தேன், ₹300 ஆனது. அதைக் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் பிரசவத்துக்குப் பின் தைராய்டு கெட்டாலும் சோர்வு இப்படியே இருக்கும்.

முகவரி வேறு மாநிலம் என்பதால் வெளிநோயாளிச் சிகிச்சை மறுக்கப்படும் என்று பயந்தேன், அப்படி நடக்கவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அரசு மனநலச் சேவையைப் பெறும் உரிமையை எல்லாருக்கும் தருகிறது. 23ஆம் பிரிவின்படி உங்கள் நோய் விவரம் இரகசியம். 25ஆம் பிரிவின்படி உங்கள் மருத்துவப் பதிவைக் கேட்டுப் பெறலாம். 14ஆம் பிரிவு பலருக்கும் தெரியாதது: உங்கள் சார்பில் பேசுவதற்கு யாரை நியமிக்கிறீர்கள் என்று ஒரு வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். கணவர்தான் என்று கட்டாயமில்லை. நான் என் அம்மாவின் பெயரை எழுதினேன்.

7. மாத்திரையும் எழுத்தும்

மனச்சோர்வு மாத்திரை பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரலாம், நோயும் திரும்பலாம். தாய்ப்பால் கொடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ற மருந்துகள் இருக்கின்றன. சில பதற்ற மாத்திரைகளை விற்கும்போது மருந்துக்கடைக்காரர் உங்கள் பெயரையும் மருத்துவர் பெயரையும் ஒரு பதிவேட்டில் எழுதுவார். அது எச்1 பட்டியல் மருந்துகளுக்கான சட்டம், உங்களைச் சந்தேகப்படுகிறார் என்று பொருளில்லை. தெரிந்தவர் கடை என்றால் கூச்சமாக இருக்கும். நான் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் வாங்கினேன்.

முதல் மூன்று வாரம் எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. மருந்து எழுத்தைக் கொன்றுவிட்டது என்று முடிவுகட்டினேன். அந்த நாட்களில் நோட்டில் தேதி, தூங்கிய மணி நேரம், அன்று பார்த்த ஒரு பொருள், இவ்வளவு மட்டும் எழுதுங்கள். என் ஐந்தாவது வாரப் பக்கத்தில் 'கொய்யா மரத்தில் கிளி, ஆறு மணி நேரம்' என்று இருக்கிறது. அதற்கு முந்தைய பக்கங்களில் மரமே இல்லை.

8. கூடி எழுதுவதும் அச்சில் வருவதும்

கேரளப் பக்கமுள்ள நூலகங்கள் பலவற்றில் வனிதா வேதி என்ற மகளிர் பிரிவு உண்டு. தமிழகப் பக்கம் மகளிர் குழுக் கூட்டம் முடிந்த பிறகு அரை மணி உட்காரலாம். நாங்கள் ஐந்து பேர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். தேநீர்ச் செலவு தவிர வேறொன்றுமில்லை. எழுதியதைத் திருத்தலாம், எழுதியவளின் வாழ்க்கைக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதுதான் எங்களுடைய ஒரே விதி.

கொஞ்சம் எழுதத் தொடங்கியதும் வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும்: கூட்டுத் தொகுப்பு, சான்றிதழ், கேடயம், விழா மேடை. நான் ₹750 கட்டினேன். நூறு பேர் கவிதைக்கு நடுவில் என் கவிதை, என் பெயரில் எழுத்துப்பிழையோடு வந்தது. விற்றவர்களும் வாங்கியவர்களும் நாங்களே. மனம் தளர்ந்திருக்கும் பெண்ணுக்கு 'நீங்கள் ஒரு கவிஞர்' என்ற சொல் எவ்வளவு இனிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் படைப்பின் உரிமை எழுதிய கணத்திலேயே உங்களுடையது. அது உங்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும், பதிவு செய்வது கட்டாயமில்லை.

நோயின் நடுவில் எழுதியதை ஆறு மாதமாவது ஆறவிட்டு அனுப்புங்கள். வீட்டார் அடையாளம் தெரியும் இடங்களை மாற்றுங்கள். புனைபெயர் வைத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம், எழுத்தாளர்கள் சல்மா, அம்பை என்பவையும் புனைபெயர்களே. புனைபெயரில் எழுதினால் பணவிடையும் காசோலையும் எந்தப் பெயருக்கு வர வேண்டும் என்பதை இதழுக்கு அனுப்பும் கடிதத்தில் தனியாகக் குறிப்பிடுங்கள். எனக்கு வந்த முதல் ₹500, அந்தப் பெயரில் இந்த வீட்டில் ஆளே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டது.